சுவருக்குப் படித்த நான்கு வரிகள்

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேரில் எனக்கென்று கூடுதலாக இருந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவளிடம் இருந்தது. குரல், சிரிப்பு, கை வேகம், ஆள் சேர்க்கை. மில்லில் யார் வீட்டில் காது குத்து என்றாலும் முதல் வெற்றிலை பாக்கு அவளுக்குத்தான் போகும். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்த படிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவளுக்கு எதிரே இருபத்திரண்டு வருடம் நின்றேன். எதிரே என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. அவளுடைய மிஷினும் என்னுடைய மிஷினும் முகம் பார்த்தபடி இருந்தன.

ராசிபுரத்திலிருந்து வெண்ணந்தூர் போகிற வழியில் இருந்த நூல் மில் அது. நூற்று வந்த நூலைக் காகிதக் கோன்களில் சுற்றுகிற பகுதியில் எங்களுக்கு வேலை. இரண்டு பேரும் ஒரே மாதம் சேர்ந்தோம். ஒரே வயது. ஆனாலும் அவள் எல்லாருக்கும் அக்கா. நான் 'ஏனுங்க'.

அவளிடம் பேசுகிறவர்கள், "ஏக்கா, இன்னைக்கு என்ன கொழம்பு? எனக்கொரு வாய் வையி" என்பார்கள். என்னிடம் வந்தால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க, நோட்டீஸ்ல என்ன போட்டிருக்குதுங்க?" என்பார்கள். மரியாதைதான். ஆனால் மரியாதை கொடுத்தவர்கள் பதில் கிடைத்ததும் போய்விடுவார்கள். அவளும் எல்லாப் பெண்களையும் 'புள்ள' என்றுதான் கூப்பிடுவாள். என்னை மட்டும் 'ஏனுங்க' என்பாள். நான் கூச்சக்காரி. சிரித்தாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். என்னை யார் 'புள்ள' என்பார்கள்?

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாரைப் பார்த்தாலும் ஏதாவது கேட்பாள். நீ இதை எப்படிச் செய்கிறாய் என்பதுதான் கேள்வியாக இருக்கும். கேட்டுவிட்டு, எதிரே இருப்பவரின் தலையில் ஒட்டியிருக்கும் பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே பதிலைக் கேட்பாள். மில்லில் தலைக்கு என்ன துணி கட்டினாலும் பஞ்சு ஏறிவிடும். ஷிப்டு முடியும்போது எல்லாருக்கும் நரைத்த தலைதான். அவள் பஞ்சு எடுக்க எடுக்க, ஆள் தன் வீட்டுக் கதை முழுவதையும் கொட்டிவிடும். என் தலையில் அவள் கை வைத்ததில்லை. வைக்க வந்தால் நான் விலகியிருப்பேன் என்பதும் உண்மை.

எனக்கென்று இருந்த நேரம் டீ இடைவேளை. கேன்டீன் சுவரில் நோட்டீஸ் பலகை. புதிதாக ஏதாவது ஒட்டியிருந்தால் எங்கள் மேஸ்திரி, "நீ படிச்சுச் சொல்லிரும்மா" என்று போய்விடுவார். எங்கள் ஷிப்டில், கோன் சுற்றும் பகுதியில், தடுமாறாமல் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மெதுவாகப் படிப்பேன். அந்த ஐந்து நிமிடம் எல்லாரும் என் வாயைப் பார்ப்பார்கள். படித்து முடித்ததும் திரும்பி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்ப்பேன். அதற்காகவே காலையில் தலையை நன்றாக வாரிக்கொண்டு போவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மில் பஸ் நேரம் மாறுவதைப் பற்றி நோட்டீஸ் வந்தது. பாதி படித்திருப்பேன். அவள் சோற்றுத் தூக்குப் போசியோடு உள்ளே வந்தாள். வரும்போதே, "ஏ புள்ளைங்களா, எங்கூட்டு மாடு பண்ணுன கூத்தக் கேட்டீங்கன்னா" என்று ஆரம்பித்தாள். எல்லாரும் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார்கள். நோட்டீஸில் இன்னும் நான்கு வரி பாக்கி இருந்தது. அந்த நான்கு வரியைச் சுவருக்குப் படித்தேன். நிறுத்தினால் நான் கவனித்தது தெரிந்துவிடும் என்று படித்தேன்.

இனி வருகிற நோட்டீஸை அந்த மாடு படித்துச் சொல்லட்டும் என்று அன்றைக்கு மனதுக்குள் முடிவு செய்தேன்.

அடுத்த நோட்டீஸ் மறுநாளே வந்தது.

எங்கள் வேலையில் நூல் எவ்வளவு மெல்லிசு என்று சொல்கிற நம்பரைக் கோனின் முனை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் காண்போம். நாற்பதாம் நம்பர் நூலைப் பச்சை முனைக் கோனில் சுற்ற வேண்டும். அறுபதாம் நம்பரைச் சிவப்பு முனையில். படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த நிறம்தான் எழுத்து. கோன் அனுப்புகிறவர்களிடம் சிவப்பு தீர்ந்துவிட்டதாம். திங்கட்கிழமை முதல் நாற்பதுக்கு நீலம், அறுபதுக்குப் பச்சை என்று நோட்டீஸ் சொன்னது. சனிக்கிழமை டீ இடைவேளையில் நான் அதைப் படித்தேன். வாய்க்குள் படித்தேன். தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் மிஷினுக்குப் போய்விட்டேன். ஒருவரும் என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை மேஸ்திரி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் அறுபது ஓட்டினேன், பச்சைக் கோன் எடுத்தேன். எதிரே அவள் நாற்பது ஓட்டினாள், வழக்கம்போல அவளும் பச்சை எடுத்தாள். வேறு வேறு நூல், ஒரே நிறம். அவள் என் மிஷினை இரண்டு தடவை பார்த்தாள். மூன்றாம் தடவை சத்தம் போட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க, நீங்க ஓட்டறது அறுவதுதானுங்களே?"

மிஷின் சத்தத்தில் காது கேட்காத மாதிரி நான் குனிந்து அறுந்த நூலைத் தேடினேன். நூல் ஒன்றும் அறுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலமே நூல் லாரியில் ஏறிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் மேஸ்திரி வந்தார். நீலக் கோன் அடுக்கிய மாதிரியே இருப்பதைப் பார்த்துச் சத்தம் போட்டார். அவளைப் போலவே நாற்பது ஓட்டிய மற்ற இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"நேத்து பூராவும் பச்சையில சுத்திப் போட்டனுங்க. லாரியப் புடிங்க மொதல்ல, அப்பறமா என்னை வையலாம்."

போன் போட்டார்கள். குமாரபாளையத்தில் இறக்கி, பாதி நூல் தறியின் நீள இழையான பாவுக்குப் போய்விட்டிருந்தது. இரண்டு நம்பர் கலந்த பாவில் துணி பட்டை பட்டையாக விழும். சரக்கு முழுவதும் திரும்பி வந்தது. அறிவிப்பை மீறி வேலை செய்ததாக அவளுக்கும் மற்ற இரண்டு பேருக்கும் மெமோ. அவளை மட்டும் விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். முதலில் ஒப்புக்கொண்டவள் அவள்தானே.

அவள் இல்லாத அந்த நாட்களில் எதிர் மிஷினில் வேறு ஒரு பெண் நின்றாள். எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். இடைவேளையில் எல்லாரும் அவளைப் பற்றியே பேசினார்கள். இருக்கும்போது பேசியதைவிட அதிகமாகப் பேசினார்கள்.

எங்கள் சங்க ஆபீஸ் மில்லுக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை. சங்கச் செயலாளர் நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். விசாரணைக்கு முந்தின நாள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

"நோட்டீஸையே பாக்கலைன்னு சொல்லிரு அக்கா. பலகைப் பக்கமே போகலைன்னு சொல்லு, மீதிய நான் பாத்துக்கறேன்."

"தெனமும் அதுக்குக் கீழதான உக்காந்து சோறு திங்கறேன்" என்றாள் அவள். "பொய் சொன்னா ஞாபகம் வெச்சுக்கோணும். எழுதி வெச்சுக்கவும் எனக்குத் தெரியாது."

விசாரணையில் துணைக்கு ஒரு தொழிலாளியைக் கூட்டிப்போகலாம். காகிதம் படிக்கத் தெரிந்தவள் வேண்டும் என்று அவள் என்னைக் கேட்டாள். அத்தனை பேரை விட்டுவிட்டு என்னை. மறுக்க என்ன காரணம் சொல்வது? போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மேனேஜர், "நோட்டீஸைப் பார்த்தாயா?" என்று கேட்டார்.

"பாத்தனுங்க. அந்தப் பலகையில இருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. வேலைக்குச் சேந்த நாள்ல இருந்தே தெரியாது."

அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேனேஜர் விடவில்லை.

"இத்தனை வருஷம் யார் படித்துச் சொன்னார்கள்?"

நான் மடியில் இருந்த காகிதங்களைத் திரும்பத் திரும்ப அடுக்கினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆராச்சும் சொல்லுவாங்க. அன்னைக்குச் சொல்ல ஆளில்லீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு உயிர் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. சொல்லாமல் விடுவதையும் இவள் என்னைவிட நன்றாகச் செய்துவிட்டாளே என்ற எரிச்சல்.

செயலாளர் படிக்கத் தெரியாது என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். எழுதி ஒட்டுகிறீர்களே, படிக்கத் தெரியுமா என்று எப்போதாவது கேட்டீர்களா என்று நிர்வாகத்தோடு வாதாடினார். கடைசியில் ஒப்பந்தம் ஆயிற்று. யாருக்கு என்ன கற்றுக்கொடுக்க வேண்டும் என்று சங்கம் ஒரு பட்டியல் கொடுத்தால், வேலை நேரத்திலேயே வகுப்பு. பட்டியல் சரியாக வந்தால் மூன்று மெமோவும் ரத்து. வராவிட்டால் அவள் வேலை போகும். ஒரு மாதம் தவணை. பட்டியல் எடுப்பதற்காக அவளை உள்ளே வர விட்டார்கள்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கமிருந்து யாரோ அச்சடித்த படிவம் வாங்கி வந்தார்கள். முதல் கேள்வியே எழுதப் படிக்கத் தெரியுமா, ஆம், இல்லை. வந்த படிவம் எல்லாவற்றிலும் ஆம். ஆம் என்று சொல்லிவிட்டுக் கீழே கைநாட்டு வைத்தவர்களும் இருந்தார்கள்.

செயலாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவள் சிரித்தாள்.

"இப்பிடிக் கேட்டா ஆரு சொல்லுவா? நீங்க இன்னைக்கு ஊட்டுக்குப் போயி உங்க சம்சாரத்துகிட்ட, உனக்குச் சமைக்கத் தெரியுமா, ஆமா, இல்லைன்னு கேட்டுப்போட்டு வாங்க. நாளைக்குச் சாப்பாட்டுப் போசி வருதான்னு பாப்போம்."

"அப்ப நீயே கேளுக்கா" என்றார் அவர். "எழுதறதுக்கு இவங்க கூட வரட்டும்."

இவங்க என்றது என்னைத்தான். படித்தவள் நான், பின்னால் நோட்டுத் தூக்கிக்கொண்டு நடப்பவளும் நான். படிக்காதவள் முன்னால் ராணி மாதிரி போனாள்.

அவள் யாரிடமும் படிக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. தன் பழைய கேள்வியைத்தான் கேட்டாள். பஞ்சை எடுத்துக்கொண்டே, "ஏ புள்ள, ராசிபுரம் ஸ்டாண்டுல அத்தன பஸ்ஸு நிக்குதே, உன்றது எதுன்னு எப்பிடிக் கண்டுபுடிக்கற?" என்பாள். அந்தப் பெண், "கண்டக்டர் மொகந்தானுங்க்கா. அவரு லீவு போட்டா எனக்கும் லீவு" என்பாள்.

பெருக்குகிற வேலை செய்த ஒரு அம்மாவிடம், டாக்டர் கொடுத்த மாத்திரைகளை எப்படிப் பிரித்து வைக்கிறாய் என்று கேட்டாள். "காத்தால மாத்திரை வெளக்கமாத்துகிட்ட இருக்குது சாமி. சாயங்கால மாத்திரை வெளக்கு மாடத்துல. கூட்டயில ஒன்னு, வெளக்கு வெக்கயில ஒன்னு."

பேக்கிங் ஆள் ஒருவர் போனில் பெயருக்குப் பதில் படம் வைத்திருந்தார். மகளுக்குக் கிளி, மாமனாருக்கு எருமை. "மாமனாரு பாத்துட்டா என்னய்யா பண்ணுவ?" என்றாள். "உங்களுக்குக் கொம்பு இருக்குதுன்னு அவருகிட்டச் சொல்லிருவேன்" என்றார் அவர்.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஃபிட்டர் மட்டும் முறைத்துக்கொண்டு நின்றார். "நான் பேப்பர் படிக்கிறவன். எங்கிட்ட என்னா கேக்கப் போற?" அவள், "நீங்க மிஷினைப் பிரிச்சுத் திருப்பிப் பூட்டறீங்களே, அதை எப்பிடி ஞாபகம் வெக்கறீங்கன்னு சொல்லுங்க" என்றாள். அரைமணி நேரம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, குரலை இறக்கி, "படிக்கிறது வரும். ஆனா ஒரு பாரத்தக் குடுத்து ரொப்புன்னா மடிச்சுப் பைக்குள்ள வெச்சுக்கறேன். எந்தக் கட்டத்துல எத எழுதறதுன்னு தெரியல" என்றார். அவர் மனைவிக்குக்கூட அது தெரியாதாம்.

இத்தனையும் நான் எழுதினேன். என் நோட்டில் 'படிக்கத் தெரியாது', 'பாரம் நிரப்பத் தெரியாது' என்று வரிசையாக இருந்தது. அவள் சாயங்காலம் படித்துக் காட்டச் சொன்னாள். நான்கு பெயர் போவதற்குள் கை காட்டி நிறுத்தினாள். ஃபிட்டரின் பெயரில்.

"அவரு மிஷினை மனசுல வரைஞ்சு வெச்சிருக்கறதச் சொன்னாரே, அது எங்கீங்க?"

"கேட்டது என்ன தெரியாதுன்னுதானே?"

"தெரிஞ்சத மொதல்ல எழுதுங்க. அதுக்குப் பொறகு வேணுங்கறத எழுதுங்க. தெரியாதுங்கற வார்த்தையே வேண்டாம். நாளைக்கு இத மேனேஜரு படிப்பாரு, அந்த ஃபிட்டரு மானம் போயிரும்."

எனக்கு எழுதக் கற்றுக்கொடுக்க இவள் யார் என்று பொங்கியது. முழு நோட்டையும் அடித்துத் திருப்பி எழுதினேன். எழுத எழுத அவள் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது பட்டியல் நிறைந்தது. கோன் சுற்றும் பகுதியை அவள் விரல் விட்டு எண்ணிவிட்டு, "உங்க பேரு எங்கீங்க?" என்றாள்.

"எனக்குத்தான் படிக்கத் தெரியுமே."

"தெரிஞ்சத எழுதியாச்சு. வேணுங்கறது?"

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது அவள் கை என் தலைக்கு வந்தது. நான் விலகவில்லை. ஒரு பஞ்சு எடுத்தாள், இன்னொன்று எடுத்தாள். எத்தனையோ பேர் அந்தக் கைக்குக் கீழே ஏன் வாயைத் திறந்தார்கள் என்று எனக்குப் புரிந்தது.

"அந்த நோட்டீஸை சனிக்கிழமையே நான் படிச்சேன்" என்றேன்.

"தெரியுமுங்க."

கை நிற்கவில்லை.

"எப்பவும் படிச்சு முடிச்சா திரும்பி எங்க மொகத்தைப் பாப்பீங்க. அன்னைக்குப் பாக்காமயே போனீங்க. என்னமோ கோவம்னு நெனச்சேன். கலரு சமாச்சாரம்னு நெனைக்கல."

"விசாரணையில ஏன் சொல்லல?"

"சொன்னா உங்களுக்கும் ஒரு மெமோ. நம்ம ஷிப்டுல படிக்கத் தெரிஞ்சது ஒரே ஆளு. உங்களையும் ஊட்டுக்கு அனுப்பிப்போட்டா நாளைக்கு ஆரு படிக்கறது?" என்றாள். இன்னொரு பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, மெதுவாக, "ஒரு நா ரெண்டு நா இல்லீங்க, ராத்திரி தூக்கமில்லாமத்தான் கெடந்தேன். கோவம் இல்லைன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள்.

 வேணுங்கறது என்ன என்று மறுபடி கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன்.

"பேனா நகரவே இல்லையே" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

பட்டியலை நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. மெமோ ரத்தாகி அவள் எதிர் மிஷினுக்குத் திரும்பி வந்தாள். கேன்டீனில் வாரம் மூன்று நாள் வகுப்பு நடந்தது. முதல் பெஞ்சில் அவள். எழுத்துக் கூட்டும்போது வாயும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யும். தப்பாகச் சொன்னால் முதலில் சிரிப்பவளும் அவள்தான். தப்பு விட்டுச் சிரிக்க எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை.

ஒரு வருடம் போயிருக்கும். மறுபடி கோன் நிறம் மாறியது. சிவப்பு வந்துவிட்டது, மஞ்சள் புதிதாகச் சேர்ந்தது. டீ இடைவேளையில் நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். அதற்குள் யாரோ, "அக்கா படிக்கட்டும்" என்றார்கள். எல்லாரும், "ஆமாக்கா, நீ படி" என்றார்கள். நான் மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

அவள் விரலை வைத்து வைத்துப் படித்தாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூச்சு. நான் ஒரு நிமிடத்தில் படிக்கிற நோட்டீஸ் அது. ஐந்து நிமிடம் ஆகியும் ஒருவரும் எழுந்து போகவில்லை. டீ ஆறிப்போவதைக்கூடப் பார்க்காமல் நின்றார்கள். எனக்கு இவர்கள் ஒரு நாளும் இப்படிக் காத்திருந்ததில்லை.

நடுவில் ஒரு வரியைத் தாண்டிவிட்டாள். வரிகள் நெருக்கமாக இருந்தன, விரல் ஒன்று விட்டு ஒன்றில் இறங்கிவிட்டது. அறுபதுக்கு என்ன நிறம் என்ற வரி அது. அவளுக்குத் தெரியவில்லை. கேட்டவர்களுக்கும் தெரியவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் தெரிந்தது.

இரண்டாம் தடவை அப்படி ஒரு சந்தர்ப்பம் என் கையில் வந்து விழுந்திருந்தது. மனது உடனே நல்லதாக மாறியது என்று எழுத ஆசைதான். மாறவில்லை. படிக்கட்டும், படித்துக் கெடட்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அவள் கடைசி வரியை முடித்துவிட்டு, நான் எப்போதும் செய்வது மாதிரியே, திரும்பி எல்லாருடைய முகத்தையும் பார்த்தாள். என் முகத்துக்கு வந்ததும் அவள் பார்வை நின்றது.

"ஒரு வரி உட்டுட்டீங்க" என்றேன். என் குரல் அவ்வளவு பலமாக வரும் என்று எனக்கே தெரியாது. அத்தனை தலைகளும் திரும்பின.

"எங்க புள்ள?" என்றாள் அவள். "வந்து காட்டு."

கூட்டம் வழிவிட்டது. நான் போய் அந்த வரியின் மேல் விரலை வைத்தேன். அவள் அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். எல்லாரும் மறுபடி அவள் வாயையே பார்த்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது. அவள் அந்த வரியை முடிக்கும் வரை விரலை எடுக்காமல் நின்றேன்.